ஐந்து மணங்கு மூன்று வீசை

அன்றைக்குத் தராசடியில் இருந்தவர்கள் ஏழு பேர். நாற்காலியில் மண்டி முதலாளி. தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நான். மூட்டை தூக்குகிற அண்ணன் தம்பி இரண்டு பேர். எங்கள் சரக்கைப் போளூருக்கு இறக்குகிற லாரி டிரைவர். புளி கொண்டுவந்திருந்த மலைக்கார அம்மா ஒருத்தி. ஏழாவது ஆள் தராசுத் தட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அரைக்கால் சட்டை ஒன்றைத் தவிர மேலே ஒன்றும் இல்லை. மூச்சு விட்டால் தட்டு ஆடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டிருந்தார்.

எதிர்த் தட்டில் ஐந்து மணங்குக் கல், மேலே மூன்று வீசைக் கல். முள் நடுவில் வந்து நின்றது.

"நின்னுடுச்சாண்ணே?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"நின்னுடுச்சி பாய்."

"கல்லு சரியான கல்லு தானே?"

மூன்று மாதத்தில் அவர் அதைக் கேட்டது அன்று ஒரே ஒரு தடவை. முதலாளியை நான் பார்க்கவில்லை, ஆனால் அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. அதற்குள் அந்த மலைக்கார அம்மா வாயைத் திறந்தாள்.

"அந்தக் கல்லா? அதுல போட்டா யானகூட ஆட்டுக்குட்டியா பூடும் தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள், டிரைவர் சிரித்தான், முதலாளிகூட ஒப்புக்குச் சிரித்தார். தட்டில் இருந்தவரும் சேர்ந்து சிரித்தார். தன் உடம்பு இளைத்ததைத்தான் அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"சரியான கல்லுதான் பாய், எறங்குங்க" என்றேன்.

ஏழு பேரில் அந்தக் கல்லின் சங்கதி தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். கிலோ வருவதற்கு முந்தின காலம் அது. எட்டு வீசை ஒரு மணங்கு. இங்கிலீஷ் கணக்கில் மணங்குக்கு இருபத்தைந்து பவுண்டு. ஜமுனாமரத்தூர் சந்தைக்கு மலைக்காரர்கள் புளியும் கடுக்காயும் தலையில் சுமந்து கொண்டுவருவார்கள். அதை வாங்குவதற்கு எங்கள் மண்டியில் தனியாகக் கல் இருந்தது. உப்பு, மிளகாய் விற்கிற சின்னக் கல்லெல்லாம் முத்திரைப்படி ஒழுங்கானது. வாங்குகிற மணங்குக் கல்லில் மட்டும் அடியில் ஒரு குழி இருக்கும். குழிக்குள் அரை வீசை ஈயம் ஊற்றி, மேலே தார் பூசி மறைத்திருக்கும். மலைக்காரர் கொடுப்பது எட்டரை வீசை, காசு வாங்குவது எட்டு வீசைக்கு. ஈயத்தை ஊற்றியது நான் இல்லை. நான் அங்கே எடை போடுகிற வேலைக்குச் சேர்ந்தபோதே அது இருந்தது. இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தட்டில் ஐந்து மணங்குக் கல் வைத்தால் இரண்டரை வீசை ஈயம். அதாவது அந்தத் தராசில் உட்காருகிற மனுஷன், தான் இருப்பதைவிட இரண்டரை வீசை குறைவாகக் காட்டுவான். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரியாத கணக்கு இல்லை.

அவர் வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அங்கே தோல் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும். அந்த வருஷம் தை பிறந்ததும், சரக்கைத் தரம் பார்த்து அனுப்புவதற்கு ஷாப்காரர் அவரை மலைக்கு அனுப்பினார். மண்டிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் தங்கினார். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். மலையில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அப்போது அங்கே வேறு பாய் கிடையாது, அதனால் பாய் என்றாலே அவர்தான். நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

அவருக்குக் கடுக்காய் வெறும் சாக்குப்போக்கு. சித்திரையில் பட்டணத்தில் அவருக்கு ஒரு குத்துச்சண்டை பேசியிருந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருத்தனோடு. அதில் ஜெயித்தால் பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தர வேலை, அவர்கள் கோஷ்டியில் சேர்ந்து சண்டைக்கும் போகலாம் என்று வாக்கு. தோற்றால் பழையபடி சுண்ணாம்புத் தொட்டி. முழங்கால் வரைக்கும் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலைப் புரட்டுகிற வேலை. அவர் அப்பா அதில் நின்று நின்றே போய்ச் சேர்ந்தவர். இவர் கால்விரல் இடுக்கிலும் வெந்த தழும்பு இருந்தது.

"வூட்ல சொல்லிட்டு வந்துட்டேண்ணே. ஜெயிச்சா ரெண்டு பேரும் பட்டணம். தோத்தா அவ வேற மாப்ள பாத்துக்கலாம்னு சொன்னேன். அதுக்கு இன்னா சொன்னா தெரியுமா? தோத்தாலும் தோலு வாசன போவக் குளிச்சிட்டு வா, அது போதும்னா."

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை அவருக்கு.

அவர் பயிற்சி எடுத்ததைப் பற்றி நிறையச் சொல்லலாம். விடிவதற்கு முன்னால் எழுந்து மலைப்பாதையில் ஓடுவார். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. எனக்கு அந்தப் பக்கம் இருக்கிற கரடிகளை நினைத்துத் தூக்கமே வராது. திரும்பி வருகிற காலடி கேட்கிற வரைக்கும் கதவைத் திறந்து திறந்து பார்ப்பேன்.

"கரடி வந்தா இன்னா பண்ணுவீங்க பாய்?"

"அதுக்கும் மூணு நிமிசம் குடுப்போம்ணே. மணி அடிச்சதும் அதுவும் ஒக்காரணும், நானும் ஒக்காரணும்."

பலா மரத்துக் கிளையில் ஒரு கோணி தொங்கும். உள்ளே புளியங்கொட்டை. அதைத்தான் குத்துவார். குத்துகிற சத்தத்தில் கொட்டைகள் உள்ளே நறநறவென்று அரைபடும். சந்தைக்கு வந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "அந்த மூட்ட உன்ன இன்னா பண்ணிச்சி? வுட்டுடேன் பாவம்" என்று ஒருத்தி சொன்னதற்கு, அவர் நிஜமாகவே மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தடவிக் கொடுத்தார். சாயந்திரம் ஒரு சட்டியில் கடுக்காய்த் தண்ணீரைக் காய்ச்சி இரண்டு கையையும் அதில் ஊற வைப்பார். தோலுக்குச் செய்கிற அதே பக்குவம்தான். கை முட்டிகள் கறுத்து, செருப்பு அட்டை மாதிரி ஆகிவிட்டன. "ஆட்டுத்தோலு செத்தப்பறம் ஊறுது, நான் உசுரோட ஊர்றேன். அவ்ளோதான் வித்தியாசம்" என்பார்.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது இதெல்லாம் முதலில் வருவதில்லை. அவர் எண்ணுகிறதுதான் முதலில் வரும்.

கயிறு தாண்டும்போது எண்ணுவார். நூறுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைக்க வேண்டியது என் வேலை. ஆயிரத்து ஐந்நூறு அவர் கணக்கு. ஒரு நாள் எண்ணிக்கை ஆயிரத்து இருநூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது மண்டி வாசலில் இரண்டு மாடு முட்டிக்கொண்டன. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவரும் திரும்பிப் பார்த்துவிட்டார். எண் தவறிவிட்டது.

"ஆயிரத்தி எரநூத்தி அறுபது இருக்கும் பாய்" என்றேன்.

"இருக்குமா, இருக்குதா?"

அவர் கொட்டைகளை எல்லாம் வாரி என் மடியில் போட்டுவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். கோபம் இல்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. இலையில் சாதம் கொட்டிவிட்டால் மறுபடி போட்டுக்கொள்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. கணுக்கால் வீங்கி இருந்தது அன்றைக்கு.

இன்னொரு தடவை முதலாளியின் சட்டைப்பைக் கடிகாரத்தைக் கடன் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். மூன்று நிமிஷம் குத்து, ஒரு நிமிஷம் உட்கார்வது, மறுபடி மூன்று நிமிஷம். நேரம் பார்த்து "ஆச்சு" என்று நான் சொல்ல வேண்டும். ஆறாவது சுற்றில் அவர் உதட்டோரம் நுரை தள்ளியது. கை மேலே எழும்பவில்லை. பார்க்கப் பொறுக்காமல் கொஞ்சம் முன்னாலேயே "ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டே இன்னும் பதினைந்து குத்து குத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பதினஞ்சு கொறச்சிட்டீங்கண்ணே."

"இல்ல பாய், கடிகாரம்..."

"கடிகாரம் இல்ல. நீங்க. எளகின மனசு உங்களுக்கு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எனக்கு நல்லது நெனச்சி எனக்கே ஆப்பு வெக்காதீங்க. அங்க நிக்கும்போது அந்தப் பதினஞ்ச எவன் குடுப்பான்?"

தன்னிடம் தானே ஒரு எண்கூடத் திருடாத மனுஷன் அவர். அப்படிப்பட்ட ஒருத்தரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் வந்து சேர்ந்ததோ எங்கள் தராசடிக்கு.

சண்டைக்கு எடை நூற்று முப்பத்தைந்து பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எங்கள் கணக்கில் ஐந்து மணங்கு மூன்று வீசை. அவர் வந்த மறுநாள் "அண்ணே, உங்க பெரிய தராசுல என்ன ஒரு தபா போடுங்க" என்றார். மலையில் ஆளை நிறுக்கிற அளவுக்குத் தராசு அது ஒன்றுதான், மணங்குக் கல்லும் அந்தக் கல்தான். போட்டேன். ஐந்து மணங்கு ஏழரை வீசை காட்டியது.

"தோல் ஷாப் தராசுல ஆறு மணங்கு ரெண்டு வீசை இருந்தேனே!" ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து மலையை நடந்தே ஏறி வந்திருந்தார் அவர். "மலை ஏறினதுலியே ரெண்டரை வீசை போச்சா! எனக்குன்னே ஆண்டவன் வெச்ச மலைண்ணே இது."

அவர் அதை நம்பினார். ஒன்றிலிருந்து திரும்ப எண்ணுகிற ஆள் அதை எப்படி நம்பினார் என்று கேட்பீர்கள். தன்னைத்தான் அவர் சந்தேகப்படுவார். அடுத்தவரைச் சந்தேகப்படத் தெரியாது.

அன்று சாயந்திரமே முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாடா மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"அந்த பாய் நம்ம கல்ல நம்பி..."

"நம்பட்டும். அவன் யாரு, தோல் ஷாப் ஆளு. கல்லு இப்டின்னு அவன் காதுல வுழுந்தா அது ஷாப்காரர் காதுக்குப் போவும், கலெக்டர் ஆபீசுக்குப் போவும். வாயத் தொறந்த, நாளைக்கு உன் வூட்ல அடுப்பு எரியாது. ரெண்டு பொண்ணு வெச்சிருக்கிறவன் யோசிச்சிக்கோ."

யோசித்தேன். யோசிப்பதைத் தவிர நான் வேறு என்ன செய்தேன்? வாரா வாரம் சந்தை முடிந்ததும் அவர் வந்து தட்டில் உட்காருவார். வாரா வாரம் நான் கல்லை வைப்பேன். அடுத்த வாரம் சொல்லிவிடலாம், இன்னும் நாள் இருக்கிறது என்று நினைப்பேன். முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைப்பேன். முதலாளி இல்லாத நேரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் இருப்பார்கள்.

ஒரு தடவை வாய்வரை வந்தது. விடிகாலையில் அவர் ஓடிவிட்டு வந்து பலா மரத்தடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். யாரும் இல்லை.

"பாய், எதுக்கும் இன்னும் ஒரு ரெண்டரை வீசை எறக்கிட்டா நல்லதில்ல?"

"எதுக்குண்ணே?"

"சும்மா. ஒரு பயத்துக்கு."

"தேவைக்கு மேல எறக்கினா குத்துல வலுவு போய்டும்ணே. அதான் தராசு இருக்குதே, அது சொல்லும்போது நிறுத்திக்கிறேன். நீங்க இன்னாத்துக்கு இப்டி பயப்படுறீங்க? கரடிக்கும் பயம், கல்லுக்கும் பயம்."

கல் என்று அவர் வாயால் சொன்னதும் நான் மண்டியைத் திறக்கப் போய்விட்டேன். அதோடு சரி.

சண்டைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே முள் ஐந்து மணங்கு மூன்று வீசைக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் என் வீட்டுக்கு வந்து, "அண்ணி, எறங்கியாச்சு! இனிமே சோறு போடுங்க" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். இரண்டு மாதத்துக்கு மேலாகச் சாமைக் கஞ்சியும் முட்டையும் தின்று கிடந்தவர். என் பெண்சாதி கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டாள். வலுவுக்காக இனி இதே எடையில் நிற்க வேண்டும், இறங்கக்கூடாது என்பது அவர் கணக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளிடம் ரகசியமாகக் களி உருண்டையைச் சின்னதாகப் பிடிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சும்மா பிடி என்றேன். மூன்றாம் நாளே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா அண்ணி, நான் எளச்சா உருண்டையும் எளைக்கணுமா?"

அவள் வெட்கப்பட்டுப்போய் மறுநாளிலிருந்து பெரிதாகவே பிடித்தாள். தேன் ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஆசை ஆசையாகச் சாப்பிட்டதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக எடை போட்ட நாள்தான் நான் முதலில் சொன்ன நாள். அவர் தட்டைவிட்டு இறங்கி, எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, துணியைச் சுருட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். டிரைவருக்குப் பட்டணத்துக்குப் புளி லோடு இருந்தது. சண்டை முடிகிற வரைக்கும் கூட இருந்து பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

அவன் திரும்பி வர ஒரு வாரமாயிற்று. வந்தவன் மண்டிக்குள் வரவில்லை. லாரியிலேயே உட்கார்ந்துகொண்டு ஹார்ன் அடித்தான். நான் போனேன்.

"ஏழு பவுண்டு" என்றான். "ஏழு பவுண்டு ஜாஸ்தியா இருந்தான்யா."

காலையில் எடை போட்டிருக்கிறார்கள். தராசு சொன்னதைக் கேட்டு அவர் முதலில் சிரித்தாராம். விளையாடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். மறுபடி ஏறி நின்றிருக்கிறார். அப்புறம்தான் சத்தம் போட ஆரம்பித்தாராம், உங்கள் தராசு தப்பு என்று.

"எங்க மலையில எட போட்டவரு பொய் சொல்ற ஆளு இல்ல, உங்க தராசத்தான் சோதிக்கணும்னு நின்னான்யா. அவ்ளோ பேரு எதுர்ல. அவுங்களும் பாவம், சர்க்கார் கல்லு கொண்டாந்து வெச்சிப் பாத்தாங்க. தராசு சரியா இருந்திச்சி. எல்லாரும் சிரிச்சானுங்க. மலையில புளி நிறுக்கிற தராசான்னு ஒருத்தன் கேட்டான்."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

டிரைவர் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நா இன்னா சொல்றது? மொதலாளி பேர சொல்லட்டுமா, உன் பேர சொல்லட்டுமா? நீ சொன்னியா?"

பொழுது சாய்வதற்குள் எடை குறைந்தால் சண்டை, இல்லாவிட்டால் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். சித்திரை வெயிலில் இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு கயிறு தாண்டியிருக்கிறார். பக்கத்தில் ரொட்டி சுடுகிற இடத்தில் அடுப்பங்கரையோரம் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வாயில் புளியை அதக்கிக்கொண்டு எச்சிலைத் துப்பித் துப்பி ஒரு குவளையை நிரப்பினாராம். கடைசியில் இரண்டு அவுன்ஸ் மிச்சம் இருந்ததற்குத் தலைமுடியை வழித்துவிட்டார்கள். எடை சரியாகிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரத்தில் சண்டை.

"நாலு ரவுண்டு நின்னான்யா. எப்டி நின்னான்னு தெரியல. அஞ்சாவதுல கைய தூக்கவே இல்ல. பாறாங்கல்லு கட்டின மாதிரி ரெண்டு கையும் தொங்கிக்கினு இருந்திச்சி. அவன் அடிச்சிக்கினே இருக்கான், இவன் பாத்துக்கினே இருக்கான். வுழுந்தப்பறமும் வாய் மட்டும் அசைஞ்சிச்சி. கிட்ட போய்க் கேட்டேன். எண்ணிக்கினு இருந்தான்."

ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றும் சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். டிரைவர் அவரை வாணியம்பாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தான்.

நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். பத்து நாள் காய்ச்சல். பதினோராம் நாள் எழுந்து மண்டிக்குப் போய்த் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்றரை வருஷம் ஓடியது. கிலோ கல் வந்தது. பழைய கல்லையெல்லாம் கணக்குக் காட்டி ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. ஒப்படைத்தால் அடியில் இருக்கிற ஈயம் தெரிந்துவிடும். முதலாளி அந்த மணங்குக் கல்லை எல்லாம் பாழுங்கிணற்றில் போடச் சொன்னார். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். தண்ணீர் ஆழம், விழுந்த கல் மேலே தெரியவில்லை.

அந்த வாரமே வாணியம்பாடிக்குப் போனேன். கல் கிணற்றுக்குள் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பில்லை.

தோல் காயப்போடுகிற வெளிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ஷாப்காரர் இரக்கப்பட்டுத் தோலைக் காக்கை நாய் இழுக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை கொடுத்திருந்தார். கண் தெரியாவிட்டாலும் சத்தம் கேட்டால் கோலைத் தட்டலாம். இடது கண்ணில் நிழல் மட்டும் தெரியும் என்றார்.

"பாய்" என்று கூப்பிட்டேன்.

ஒரே சொல்தான். எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே! எங்க அண்ணே! அடியே, மலையிலேருந்து அண்ணன் வந்துருக்காரு. நான் சொல்வேனே, அவருதான். டீ போடு, சக்கர நெறைய போடு."

பேச்சு குழறியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே அழைத்துப்போய்ப் பாயில் உட்கார வைத்து என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். அண்ணி எப்படி இருக்கிறார்கள், பெண்கள் எப்படி இருக்கிறார்கள், எல்லாம் கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். நான் எங்கியோ தப்பு பண்ணியிருக்கேன்ணே. அண்ணி களி போட்டாங்கன்னு ரொம்பத் தின்னுட்டனா? லாரியில போம்போது தண்ணி ஜாஸ்தி குடிச்சிட்டனா? ஏழு பவுண்டு எங்கேருந்து வந்திச்சின்னு எண்ணி எண்ணிப் பாக்குறேன், ஒதைக்குது. ஒன்னுலேருந்து ஆரம்பிக்கிறேன், மறுபடி ஒதைக்குது" என்றார்.

அவர் பெண்சாதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்தாள். ஒன்றை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள். இன்னொன்றை என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

நான் சொன்னேன். கல், குழி, ஈயம், மணங்குக்கு அரை வீசை, முதலாளி மிரட்டியது, நான் வாயை மூடிக்கொண்டிருந்தது, ஒன்று விடாமல் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவர் முகத்தில் சிரிப்பு.

"இதுக்காகவா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தீங்க?" என்றார்.

"நெஜமாத்தான் பாய்..."

"என் மனசு தேறணும்னு யோசிச்சி யோசிச்சி ஒண்ணு கட்டிக்கினு வந்துருக்கீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

"பாய், கல்லுல ஈயம் இருந்திச்சி. என் கையால தூக்கிக் கெணத்துல போட்டுட்டு வர்றேன்."

"சரி, போட்டுட்டீங்க இல்ல? வுடுங்க."

"என் ரெண்டு பொண்ணு மேல சத்தி..."

அவர் கை வேகமாக வந்து என் வாயைப் பொத்தியது. கடுக்காயில் ஊறின அந்தக் கறுத்த கை.

"வாணாம்ணே. எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. கொழந்தைங்களுக்கு ஆவாது."

கையை எடுக்கவே இல்லை. நான் மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைவிட எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காட்டுவதற்குக் கல்லும் இல்லை.

அவர் நம்பவில்லை. ஓரத்தில் நின்றிருந்தவள் நம்பினாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தம் வராமல் குனிந்து, என் முன்னால் வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அங்கே டீயைக் கீழே ஊற்றுகிற சத்தம் லேசாகக் கேட்டது.

அவர் என் வாயிலிருந்து கையை எடுத்துத் தன் டம்ளரைத் தடவி எடுத்துக்கொண்டார்.

"குடிங்கண்ணே, ஆறிடப் போவுது."

நான் வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன்னுடையதை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"குடிச்சிட்டீங்களா?"

"குடிச்சிட்டேன் பாய்."

"சக்கர போதுமா?"

"போதும் பாய்" என்றேன்.